செங்கல்பட்டில் பிறந்தவரை யாரும் செதுக்கவில்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இந்தி நடிகை வஹீதா ரஹ்மான் பற்றி ஆறு பக்கம் போட்டிருந்தீர்கள், நன்றி. அந்த ஆறில் பாதிக்கு மேல், அவரை இந்திப் படத்துக்கு அழைத்துப்போன இயக்குநர் குரு தத். அதுகூடப் பரவாயில்லை, அவர் பெரிய கலைஞர், அவரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் தலைப்பில் அவர் பெயரைப் போட்டு எழுதுங்கள். நான் பேனா எடுத்தது அதற்காக இல்லை. "ஹைதராபாத்தில் கிடைத்த கல்லை குரு தத் என்னும் சிற்பி சிலையாக்கினார்" என்று ஒரு வரி. அதைக் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், பக்கத்தின் நடுவில் வேறு வைத்திருக்கிறீர்கள்.

கல்லாம்! இந்திய சினிமாவின் உயரிய விருதான தாதாசாகேப் பால்கே விருது வாங்கிய பெண்மணி உங்களுக்குக் கல்லாகத் தெரிகிறார்.

அவர் பிறந்தது 1938 பிப்ரவரியில், செங்கல்பட்டில். இது ஆசிரியருக்குத் தெரியாத சங்கதி இல்லை, தெரிந்தும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. குரு தத் அவரைப் பார்த்தது ஹைதராபாத்தில், அதனால் பிறந்ததும் அங்கேதான் என்று உங்கள் கட்டுரையாளர் முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. நான் செங்கல்பட்டுக்காரி. எங்கள் ஊர் உங்கள் பத்திரிகையில் வருவது பொங்கல், தீபாவளிக்குப் பரனூர் சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போது மட்டும்தான். ஒரு நல்ல பெயர் இருக்கிறது, அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

சரி, அந்தக் "கல்" அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது? அக்காவோடு சேர்ந்து பரதநாட்டியம் படித்தது. முஸ்லிம் பெண்ணுக்குச் சொல்லித்தரத் தயங்கிய குருவிடம் பிடிவாதமாக நின்று படித்தது. அரசு அதிகாரியாக இருந்த அப்பா இறந்துபோய், வீட்டில் பணமுடை வந்தபோது மேடையேறியது, சினிமாவிலும் ஆடியது. 1955இல் 'ரோஜுலு மாராயி' தெலுங்குப் படத்தில் அவர் ஆடிய 'ஏருவாக' பாட்டு ஆந்திரா முழுக்க ஓடியது. அந்தப் படம் தமிழில் 'காலம் மாறிப்போச்சு' என்று வந்தது. எம்.ஜி.ஆரின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் 'சலாம் பாபு' ஆடுகிறாரே, அது யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தமிழ்ப் பத்திரிகையில் வஹீதாவைப் பற்றி ஆறு பக்கம், அதில் அவர் தமிழில் ஆடியது பற்றி ஒரு வரி கிடையாது. கடைசியில் 'விஸ்வரூபம் 2'இல் கமலின் அம்மாவாக வந்தாரே, அதுவும் கிடையாது.

பம்பாய் போனபோது அவருக்குப் பதினெட்டு நிரம்பவில்லை, ஒப்பந்தத்தில் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பெயர் நீளமாக இருக்கிறது, மாற்று என்றார்கள். மதுபாலா, மீனா குமாரி, நர்கீஸ் எல்லோருமே வேறு பெயரில் நடித்துக்கொண்டிருந்த காலம். இந்தப் பெண் முடியாது, இது என் பெற்றோர் வைத்த பெயர் என்றார். அதோடு விடவில்லை. பிடிக்காத உடையைப் போட மாட்டேன், அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். எழுதவைத்த பிறகுதான் குரு தத் தயாரித்த 'சி.ஐ.டி.' படம். சிற்பியிடம் நிபந்தனை போடுகிற கல்லை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

உங்கள் பத்திரிகைக்கு இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, ஐயா. முன்பு வைஜயந்திமாலா பற்றி எழுதியபோது 'தேவதாஸ்' படத்துக்காகத் துணை நடிகை விருது "பெற்றார்" என்று போட்டீர்கள். அதில் தான் நடித்த சந்திரமுகி துணை வேடம் இல்லை, இன்னொரு நாயகியான பாரோவுக்குச் சமமான வேடம் என்று சொல்லி அவர் அந்த பிலிம்பேர் விருதையே வேண்டாம் என்றவர். அதற்கும் எழுதினேன். பதில் இல்லை. நடிகர்களைப் பற்றி எழுதினால் உழைப்பு, நடிகைகளைப் பற்றி எழுதினால் யார் அறிமுகப்படுத்தினார், யாரோடு கிசுகிசு, கல்யாணத்துக்குப் பிறகு எங்கே போனார், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையும் அப்படித்தான், 1964 அக்டோபரில் குரு தத் இறந்ததோடு அநேகமாக முடிந்துவிடுகிறது. அப்புறம் ஒரே பத்தியில் "சில படங்களில் நடித்தார்".

அந்தச் சில படங்களைச் சொல்கிறேன். 1965இல் 'கைடு'. நம் ஆர்.கே. நாராயணின் கதை. கணவனை விட்டு வெளியேறி நடனத்துக்குப் போகிற ரோஸி, அன்றைக்குக் கதாநாயகிகள் தொடத் தயங்குகிற வேடம், பிலிம்பேர் விருது. 1966இல் 'தீஸ்ரி கசம்'. 1968இல் 'நீல் கமல்', மறுபடி பிலிம்பேர். 1971இல் 'ரேஷ்மா அவுர் ஷேரா', தேசிய விருது. அவருடைய பெரிய நடிப்பு விருதுகள் இவைதான், மூன்றும் குரு தத் போன பிறகு வந்தவை. குரு தத் இருக்கும்போதே 1962இல் சத்யஜித் ராய் 'அபிஜான்' படத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார். ராயும் சிலை பார்க்கத்தான் கூப்பிட்டாரா?

'காமோஷி' படத்தின் பெயர்கூட உங்கள் கட்டுரையில் இல்லை. இதுதான் எனக்கு ஆறவில்லை. நான் ஓய்வுபெற்ற நர்ஸ், பல வருஷம் மனநல வார்டில் வேலை பார்த்தவள். எங்கள் ஹாஸ்டலில் தூர்தர்ஷனில்தான் அந்தப் படத்தைப் பார்த்தோம், இந்தி ஒரு வார்த்தை புரியாது. நோயாளி குணமாக அன்பு காட்டுவதுபோல் நடி என்று டாக்டர் சொல்ல, நடிக்கத் தெரியாமல் உண்மையாகவே அன்பு வைத்து, அவன் குணமாகிப் போன பிறகு உடைந்துபோகிற நர்ஸ் ராதா. சினிமாவில் நர்ஸ் என்றால் ஒன்று ட்ரேயோடு ஓடுவாள், இல்லாவிட்டால் ஹீரோவோடு டூயட் பாடுவாள். வஹீதா வார்டில் நடந்துவருகிற விதம், நைட் டூட்டி முடிந்தவள் முகம், டாக்டரிடம் முடியாது என்று சொல்லத் தெரியாமல் நிற்கிற நிற்பு, எல்லாம் நாங்கள்தான். படம் முடிந்ததும் எங்கள் சீனியர் சிஸ்டர் ஒருவர் பேசாமல் எழுந்து போய்விட்டார். அந்தப் படத்தை இயக்கியவர் அசித் சென். குரு தத் அதற்குச் சில வருஷம் முன்பே போய்விட்டார், ஆக அந்த நடிப்பை யார் செதுக்கினார் என்று உங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

குரு தத் இயக்கிய 'பியாசா' இல்லாமல் வஹீதா இல்லை என்பார்கள். இருக்கட்டும். அதில் வஹீதா நடித்த குலாபோ இல்லாமல் 'பியாசா' மட்டும் உண்டா?

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு திருத்தம், பிறந்த ஊர் செங்கல்பட்டு என்று. எங்காவது ஒரு மூலையில் போட்டால்கூடப் போதும், கட்டம் கட்ட வேண்டாம். அப்புறம், நான்காம் பக்கத்தில் "இளம் வயது வஹீதா" என்று நீங்கள் போட்டிருக்கும் படம் இன்னொரு இந்தி நடிகை ஆஷா பரேக்குடையது. அவரும் பால்கே விருது வாங்கியவர்தான், திருத்தம் போடும்போது அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால சந்தாதாரர்,
செங்கல்பட்டு