கரை அழகு, தண்ணீருக்கு வழியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகரங்களில் ஆற்றங்கரைகளை அழகுபடுத்துவது நல்ல காரியம்தான். ஆனால் வேலை முடிந்தபின் அது சரியாக அமைந்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செட்டிநாட்டில் பெரிய ஆறு கிடையாது. ஊருணிதான் எங்களுக்கு ஆறு. எங்கள் தெருவை ஒட்டிய ஊருணிக் கரையில் நடைபாதை போட்டார்கள். அங்கிருந்த வேப்பமரத்தின் தூரைச் சுற்றி, விரல் நுழைய இடமின்றி சிமென்ட் கல் பதித்துவிட்டார்கள். போன ஐப்பசி மழையில் நடைபாதையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நடைபாதையோரம் எழுப்பிய சுவர் மறித்ததால் ஊருணிக்குள் இறங்கவில்லை. பார்க்க வயிறு எரிந்தது. செம்புராங்கல் படி கட்டி, வரத்துக்கால் வெட்டி, கூரையில் விழுந்த மழையைக்கூட ஊருணிக்கு அனுப்பிய ஊர் இது.

நம்மவர்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரில், பீஷான் பூங்காவை ஒட்டி காலாங் ஆறு 2.7 கி.மீ. நீளத்துக்கு கான்கிரீட் வாய்க்காலாக இருந்தது. அதை உடைத்து, செடிகொடிகள் கரையைப் பிடித்து நிற்க, வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-ல் முடித்தார்கள். வெள்ளம் வந்தால் பூங்காவே இடம் கொடுக்கிறது.

இங்கும் திறப்பு விழாவோடு விட்டுவிடாமல், ஒரு மழைக்காலமும் ஒரு சித்திரை வெயிலும் கழிந்தபின் பார்க்க வேண்டும்: தண்ணீர் உள்ளே போகிறதா, மதியம் பெஞ்சில் நிழல் விழுகிறதா, வயதானவர்கள் படியிறங்கிக் கால் நனைக்க முடிகிறதா? முதலில் அந்தச் சுவரில் நாலு இடத்தில் வழி விட்டு, வேப்பமரத்தடிக் கற்களைப் பெயர்த்துவிடட்டும். அப்புறம் விளக்கு, நீரூற்று எல்லாம் வைத்துக்கொள்ளலாம்.

- ஒரு வாசகர், காரைக்குடி