புதிய சபைக்குக் கூரைக்கு முன் பத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு ஆராதனை நடத்த ஆளில்லாத மலையோர ஊர்களுக்கும் காலனிகளுக்கும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் குடிபோய்ச் சபை தொடங்குவது வேலூர்ப் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. அவர்களைத் தாங்கும் நகரத்துச் சபைகள் கூரைக்கும் நாற்காலிக்கும் தாராளமாகக் காணிக்கை எடுக்கின்றன. பத்திரச் செலவு, வக்கீல் கட்டணம் என்றால் கை இறுகிவிடுகிறது. பின்னால் சபை உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

1853இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கட்டர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியபோது பின்னால் ஒரு மிஷன் சங்கம் இருந்தது. இன்று தனியாகப் போகும் குடும்பத்துக்கு அப்படி எதுவும் இல்லை. இடம் போதகர் பெயரிலேயே பத்திரமாகிறது. அவர் காலமானதும் அது பிள்ளைகளின் வாரிசுச் சொத்து. கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய சபையார் வெளியே நிற்பார்கள். ஆகவே இடம் பார்க்கும் முன்பே சங்கமோ அறக்கட்டளையோ பதிவாக வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். அந்த ஏழையும் மனைவி, மைத்துனர், சம்பந்தி என்று நிரப்பினால் பதிவு கிடைக்கும், பயன் கிடைக்காது. உள்ளூர் ஆட்கள் நான்கு பேராவது கையெழுத்துப் போடட்டும்.

இடம் மலிவாக வந்தால் சந்தேகப்படுங்கள். வில்லங்கச் சான்றில் எதுவும் தெரியாது; அது பஞ்சமி நிலமாக இருக்கலாம். 1892க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் அது. மற்றவர் கைக்குப் போனால் கிரயம் செல்லாது, அரசு மீட்டுக்கொள்ளலாம். சபையார் எல்லோரும் அதே காலனிக்காரர்கள்தானே என்ற வாதமும் நிற்காது, வாங்குவது சங்கம். யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பின்போது எழுதிய அ-பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலங்களின் அடிப்படைப் பதிவேட்டில், இந்த நிபந்தனை விடுபட்டிருக்கலாம். அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. வீடு என்று வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டு, சுவர் எழும்பியதும் சிலுவை வைத்தால் புகார் வரும், சீலும் வரும். ஒலிபெருக்கியும் அப்படித்தான்: காவல்துறை அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. முப்பது பேர் உட்காரும் அறைக்கு வெளியே எதற்குப் பெட்டி கட்ட வேண்டுமோ!

ஞானஸ்நானத்துக்கு முன் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றைப் பலர் சொல்வதில்லை. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாருக்கு மட்டுமே. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். மதம் மாறிய ஆதிதிராவிடருக்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. 18 சதவீத இடஒதுக்கீடு இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. ஜவ்வாது மலையின் மலையாளி மக்களுக்கு நிலைமை வேறு: பழங்குடித் தகுதி மதத்தைப் பொறுத்ததல்ல. சான்றிதழில் ஒரு மதம், சபைப் பதிவேட்டில் வேறு மதம் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிற போதகர்களும் இருக்கிறார்கள். வேலை கிடைத்தபின் விசாரணை வந்தால் மாட்டிக்கொள்வது அந்தச் சான்றிதழைக் கொடுத்த பையன்தான்.

திருமணம் நடத்திவைக்கவும் எல்லாப் போதகருக்கும் அதிகாரம் இல்லை. தனிச் சபைப் போதகர் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் வரும்வரை உரிமம் உள்ள ஒருவரை அழைத்து நடத்தலாம்; 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிவும் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பணம் வந்தால் சொந்தக் கணக்கில் வாங்கவே கூடாது. அதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கு 3 ஆண்டு நடப்பும் அந்தக் காலத்தில் 15 லட்ச ரூபாய்ச் செலவுக் கணக்கும் கேட்கிறார்கள். சிறு சபைகள் அந்தக் கனவையே விட்டுவிடுவது நல்லது.

இனி அடக்கம். பழைய சபைகளின் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சபையின் உறுப்பினருக்கே இடம் என்பது வழக்கம். ஊர் மயானத்தில் சில இடங்களில் சாதி தடுக்கிறது. குழி தோண்டும் நேரத்தில் பேரம் பேச முடியாது. சொந்த இடத்தில் நினைத்தபடி புதைக்கவும் வழியில்லை, ஊராட்சி உரிமம் வேண்டும். வீடுகளிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். எனவே முதல் குடும்பம் சேர்ந்ததுமே ஊராட்சியிடம் எழுதிக் கேட்டுக் கையொப்பத்துடன் பதில் வாங்கி வைக்க வேண்டும். வேலூர், குடியாத்தம் வட்டாரத்துப் பெரிய சபைகளின் சேகரக் குழுக்கள் (நிர்வாகக் குழுக்கள்) தங்கள் தோட்டத்தில் ஒரு வரிசையை இந்தச் சிறு சபைகளுக்கு ஒதுக்கி, அதைக் குழுத் தீர்மானமாக எழுதிக் கொடுக்க முன்வர வேண்டும்.

ஒரு வாசகர்,
காட்பாடி