பழைய ரீவி கொண்டு வாறவைக்கு

வணக்கம் உறவுகளே. ஞாயிறு நல்லூரில், ரீவிப் படத்தைக் காந்தத்தால் வளைத்துக் கோலம் காட்டும் பயிற்சி நடக்கும். அதுக்குப் பின்பக்கம் புடைத்த குழாய் ரீவிதான் வேணும். தட்டை ரீவியில் காந்தம் வைத்தால் படம் அசையாது. குழாயில் ஓடும் எலெக்ட்ரோன் கற்றையைத்தான் காந்தம் வளைக்கும். கொரியக் கலைஞர் நாம் ஜுன் பைக் 1965இல் காந்தத்தை வைத்தது கறுப்பு வெள்ளை ரீவியில். அப்படி ஒன்று பரணில் கிடந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கோ, அதன் கோடுகளின் அழகே வேற.

கலர் ரீவி என்றால் கவனம். கண்ணாடிக்குப் பின்னால் துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு இருக்கு. அதில் காந்தம் ஏறினால் மூலையில் ஊதாவும் பச்சையுமாய்க் கறை நிற்கும். ஸ்பீக்கர் காந்தத்தை நாலு விரல் தள்ளிப் பிடித்து மெல்ல நகர்த்துங்கோ. கறை விழுந்தால் மெயின் சுவிட்சில் நிப்பாட்டி, அரை மணித்தியாலம் ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கோ. ரீவிக்குள் காந்தத்தை நீக்கும் கம்பிச் சுருள் இருக்கு. அதுக்குக் கரண்ட் விடும் தெர்மிஸ்டர் (சூடேறினால் கரண்டை மறிக்கும் சின்னப் பாகம்) ஆறினால்தான் அந்தச் சுருள் வேலை செய்யும். றிமோட்டில் நிப்பாட்டினால் பலன் இல்லை. நியோடிமியம் என்ற மிகப் பலமான காந்தம் வேண்டவே வேண்டாம், தகடு நெளிந்தால் திருத்த ஏலாது.

படத்தின் சிக்னலைக் கொண்டு வரும் மஞ்சள் வயரை வெறும் இரட்டைச் சொருகியால் ரெண்டு ரீவிக்குப் பிரித்தால் சிக்னல் குறைந்து படம் மங்கும், சிலவேளை உருளும். பிரித்துக் கொடுக்கும் அம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கோ. சிக்னலைப் பழைய ரீவிக்கு ஏற்ற மாதிரி மாற்றும் பெட்டியில் 'பால்' (PAL) என்ற ரீவி முறையைத் தெரிவு செய்யுங்கோ.

பின்மூடியை ஒருவரும் கழற்றக்கூடாது. பிளக்கை இழுத்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கும்.