மேல்தள வெக்கைக்கு மருந்து மொட்டை மாடியில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை தொடங்கியதும் ‘ஏசியை 24 டிகிரியில் வையுங்கள்’ என்ற அறிவுரை வந்துவிடுகிறது. நல்ல அறிவுரைதான். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும். ஆனால் சென்னை அடுக்குமாடிகளின் மேல்தள வீடுகளில் ஏசி இரவெல்லாம் மல்லுக்கட்டுவது தலைக்கு மேலிருக்கும் காங்கிரீட்டோடு. மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த சட்டையின் சூடு இருக்கும். ஐந்து அங்குல ஸ்லாப் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் இறக்குகிறது. ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது.

நம் மாடிகளில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளத்தின் மேல் பதித்த சிவப்புத் தட்டோடு, பாசி படிந்து கறுத்துக் கிடக்கிறது. நண்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் மேற்பரப்புச் சூடு 15, 20 டிகிரி வரை குறையும். கீழே அறையில் 2 முதல் 4 டிகிரி வரை வித்தியாசம் தெரியும்.

ஆனால் இந்தப் பூச்சு பாதி இடங்களில் ஒரே வருடத்தில் உரிந்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் பெயின்ட் அல்ல, அவசரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய தளத்தில் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். பொங்கலுக்குப் பிறகு தொடங்கி அக்னி நட்சத்திரத்துக்கு முன் முடிப்பதே சரி. முதலில் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி, கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும். பிறகு தண்ணீர் வடியும்போது எங்கே குட்டை தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எட்டடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். தண்ணீர் நிற்கும் இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. அங்கே தட்டோடுகளைப் பெயர்த்துச் சரிவைத் திருத்தியே ஆக வேண்டும். அடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக் கழுவி, குறைந்தது இரண்டு நாள் காயவிட வேண்டும். விரிசல்களை V வடிவில் கீறித் திறந்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையை மறந்துவிடக் கூடாது. கசிவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதன் பிறகு ஒரு கை பிரைமர், இரண்டு கை பூச்சு. முதல் கை கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக. இடையில் ஐந்தாறு மணி நேரம். ஆயிரம் சதுர அடிக்கு 40 முதல் 50 லிட்டர் பிடிக்கும். இருபது லிட்டரில் முடித்துத் தருகிறேன் என்பவர் தண்ணீர் கலக்கப் போகிறார் என்று பொருள். வாங்கும்போது, வெயிலைத் திருப்பி அனுப்பிச் சூடேறாமல் இருக்கும் திறனைக் காட்டும் ‘எஸ்ஆர்ஐ’ எண்ணுக்கான சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கையில் காசு குறைவென்றால் பசை கலந்த சுண்ணாம்பும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். வடகம் காயப்போட, துணி உலர்த்த ஆள் நடமாடும் மாடியென்றால் வெள்ளைப் பீங்கான் ஓட்டுச் சில்லு பதிப்பது நீடித்து உழைக்கும். எதுவானாலும் தூசி படிந்தால் பலன் குறையும். மாசி மாதத்தில் ஒரு முறை கழுவிவிட வேண்டும். பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், கட்டடத்துக்கு வீண் சுமை.

இதற்கெல்லாம் தடையாக இருப்பது குடியிருப்போர் சங்கக் கூட்டம். ‘வெக்கை மேல்வீட்டுக்குத்தானே, நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்’ என்று கீழ்வீட்டார் கேட்கிறார்கள். தினமும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும் ஸ்லாப்தான் சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் விடுகிறது. அதில் இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி உப்பிக் காங்கிரீட்டை உதிர்க்கும்போது செலவு எல்லாருடையதும்தான். எனவே இதைப் பொதுப் பராமரிப்புக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

மேற்கு ஜன்னலில் நாலு மணி வெயில் தாழ்வாக வரும், இரண்டடி சன்ஷேட் அதைத் தடுக்காது. மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வீட்டுக்குள்தான் தங்கும். ஏசிகளின் வெளி யூனிட்டுகளை, டக்ட் எனப்படும் குறுகலான கட்டட இடைவெளிக்குள் அடுக்குவதும் தவறு. ஒன்று தள்ளும் அனலை மற்றொன்று இழுத்து, எல்லாமே கூடுதல் மின்சாரம் தின்னும்.

புதிய கட்டடங்களில் கூரைச் சூட்டைத் தடுக்கும் வேலையை ஆரம்பத்திலேயே செய்வது எளிது. மத்திய மின்துறை அமைச்சகம் 2018 இறுதியில் வெளியிட்ட ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பின்படி, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது. வெறும் ஆறு அங்குல ஸ்லாபில் இது 3 வாட்டைத் தாண்டுகிறது. நீர்த்தடுப்புப் பூச்சுக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் ‘எக்ஸ்பிஎஸ்’ என்ற நுரைப் பலகையை ஓர் அங்குலக் கனத்தில் விரித்துத் தளம் போட்டாலே 1 வாட்டுக்குக் கீழே வந்துவிடும். நம்மைப் போன்ற புழுக்கமான ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பாதிதான் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னலை வைத்து அந்தக் கணக்கை எட்டுவது கடினம்.

தெலங்கானா 2023 ஏப்ரலில் வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைகளுக்கான குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்து, அரசு, வணிகக் கட்டடங்களுக்கும் 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சிஎம்டிஏ) மாநகராட்சியும் வரைபட அனுமதியின்போதே கூரையின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பணி முடிவுச் சான்று தருமுன் அதிகாரி மாடியேறிப் பார்க்க வேண்டும்.

கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை