அந்தப் படத்தை வரைந்தவரை விட்டுவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் 1939இல் வந்த ஹாலிவுட் படமான ‘கான் வித் தி விண்ட்’ பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். தயாரிப்பாளர் செல்ஸ்னிக், நாயகன் கிளார்க் கேபிள், நாயகி விவியன் லீ எல்லோரும் வருகிறார்கள், இயக்குநர்கள் மாறிய கதைகூட விவரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தின் காட்சிகளை வரைந்து வடிவமைத்த வில்லியம் கேமரன் மென்சீஸ் என்ற பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. இருபத்தாறு வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு மனசு ஆறவில்லை.

மென்சீஸ் 1896இல் அமெரிக்காவில் பிறந்தார், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர் சினிமாவுக்கு வந்தார். 1924இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்துக்காக ஒரு நகரத்தையே எழுப்பியபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. தரையைப் பளபளவென்று மெருகேற்றி, சுவர்களும் கோபுரங்களும் அதில் தெரியும்படி செய்தார், ஊரே மிதப்பதுபோல் இருக்கும். கலை இயக்கத்துக்கான முதல் ஆஸ்கரை 1929இல் வாங்கியவரும் இவர்தான்.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ஜார்ஜ் குக்கர் தொடங்கி, விக்டர் ஃபிளெமிங் கைக்குப் போய், அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது சாம் வுட் வந்து எடுத்த படம் அது. மூன்று பேர் எடுத்தும் ஒரே கை எடுத்ததுபோல் இருக்கிறதே, எப்படி? கேமரா எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும், வானம் எந்தச் சிவப்பில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் மென்சீஸ் முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிட்டார், அதனால்தான். கதையில் வரும் மெலனி என்ற பெண்ணுக்குப் பிரசவமாகும் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். முகமே சரியாகத் தெரியாது, ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியாக வரும் ஆரஞ்சு வெளிச்சமும் நிழலுருவங்களும் மட்டும்தான், ஆனால் அந்த அறையின் புழுக்கம் நம் மேல் ஒட்டிக்கொள்ளும். வண்ணம் எதற்கு என்று புரிந்தவரால்தான் இப்படி யோசிக்க முடியும்.

அட்லாண்டா நகரம் எரியும் காட்சியை எடுத்ததும் அவர்தான். 1938 டிசம்பர் 10 இரவு, ‘கிங் காங்’ படத்தின் மதில் உட்பட ஸ்டூடியோவில் கிடந்த பழைய செட்டுகளுக்குத் தீ வைத்துப் படமாக்கினார்கள். விவியன் லீ அப்போது ஒப்பந்தம்கூட ஆகவில்லை!

இவர் செய்ததற்குக் கலை இயக்குநர் என்ற பெயர் போதாது என்றுதான் செல்ஸ்னிக், படத்தை வடிவமைத்தவர் என்று டைட்டிலில் தனியாகப் போட்டார். புரொடக்‌ஷன் டிசைனர் என்ற பதவி நிலைத்தது அதிலிருந்துதான். கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் லைல் வீலருக்குப் போனது, வண்ணத்தைப் பயன்படுத்திய விதத்துக்காக மென்சீஸுக்குத் தனியாக ஒரு சிறப்பு விருது கொடுத்தார்கள்.

என் மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள், “சார், வரையத் தெரிஞ்சா என்ன வேலை கிடைக்கும்?” என்று. டிராயிங் மாஸ்டர் ஆகலாம், போர்டு எழுதலாம் என்றுதான் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்தது. மென்சீஸைப் பற்றித் தெரிந்துகொண்டதே ஓய்வு பெற்ற பிறகுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அரைப் பக்கமாவது ஒதுக்கி, இந்தப் படத்துக்கு அவர் வரைந்த ஓவியம் ஒன்றையும் அதே காட்சியின் ஸ்டில்லையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அப்புறம், இனி பழைய படங்களைப் பற்றி எழுதும்போது கலை இயக்குநர் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்