நுரையீரல் புற்றுநோய்க் கதிர்ச் சிகிச்சையில் நல்ல இழையத்தைக் காப்பது தொடர்பான கோரிக்கை மனு

மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
வடக்கு மாகாணம்.

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களே,

வன்னியின் நுரையீரல் புற்றுநோயாளர் கதிர்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பளை அல்லது மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். குணப்படுத்தும் நோக்குடன் கொடுக்கும் வழமையான அளவு 60 கிரே (கிரே என்பது உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு). வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரத்தில் 30 தடவை கொடுபடும். அந்தக் கதிரில் நல்ல நுரையீரலுக்குப் போகும் பங்கைக் குறைக்க வழி உண்டு. அதைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒழுங்குபடுத்தித் தருமாறு கேட்கிறோம்.

மூச்சு விடும்போது கட்டியும் அசைகிறது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டுக்கு அருகிலுள்ள கட்டி ஒரு சென்ரிமீற்றருக்கும் மேல் ஏறி இறங்கலாம். அசைவை அளக்காத இடத்தில், கட்டி தவறிவிடும் என்ற அச்சத்தில் கட்டியைச் சுற்றிக் கதிர் படும் எல்லையை அகலமாகவே வைக்க நேரும். 3 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கட்டியின் கனவளவு சுமார் 14 கன செ.மீ. சுற்றிலும் 5 மி.மீ. விட்டால் 34 ஆகும், 15 மி.மீ. விட்டால் 113 ஆகும். கூடுகிற அவ்வளவும் பெரும்பாலும் நல்ல நுரையீரலே.

ஆகவே மூச்சின் ஒவ்வொரு கட்டத்தையும் பிரித்துக் காட்டும் நான்கு பரிமாண சி.ரி. ஸ்கான் திட்டமிடலுக்கு முன் கட்டாயமாக வேண்டும். அதற்கு வசதியில்லாத நாளில் சாதாரண மூச்சின் உள்ளிழுப்பு முடிவிலும் வெளிவிடல் முடிவிலும் தனித்தனி ஸ்கான் எடுத்து இணைக்கலாம். ஆழ மூச்சில் எடுத்தால் அசைவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எல்லை மீண்டும் வீங்கும். மூச்சுப் பயிற்சியைத் தமிழில் சொல்லிக் கொடுப்பதும் அவசியம். படுக்கையில் கிடந்தபடி விளங்காத மொழியில் கட்டளை கேட்பவரின் மூச்சு சீராக இராது.

20 கிரேயும் அதற்கு மேலும் வாங்கும் நுரையீரற் பங்கு 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நுரையீரல் முழுவதும் வாங்கும் சராசரி அளவு 20 கிரேக்குள் நிற்கவேண்டும். அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்பதும் சரியல்ல. 2015இல் வெளியான ஆர்.ரி.ஓ.ஜி. 0617 என்ற நுரையீரல் புற்றுநோய் ஆய்வில் 74 கிரே பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 20.3 மாதம், 60 கிரே பெற்றவர்களுக்கு 28.7 மாதம். இதயத்துக்குப் போன கதிரும் ஆயுளைக் குறைப்பதோடு தொடர்புபட்டிருந்தது.

வன்னிக்கென்றே ஒரு விடயம் உண்டு. 2009 வரையிலான போரில் பட்ட எறிகணைச் சன்னங்கள் இன்னும் பலரின் மார்பிலும் தோளிலும் இருக்கின்றன. உலோகம் ஸ்கானில் கீற்றுகளை உண்டாக்கும். கணினி அவற்றை உண்மையான அடர்த்தியாக எடுத்துக்கொண்டால் கதிர்க் கணக்குப் பிழைக்கும். கதிர் அளவைக் கணக்கிடும் பௌதிகவியலாளர் அந்த இடத்தின் அடர்த்தியைக் கையால் திருத்தவேண்டும். தோள் காயத்தால் கைகளைத் தலைக்கு மேல் வைக்க முடியாதவர்களுக்குக் கதிர் நுழையும் கோணமும் மாறும். அனுப்பும் கடிதத்திலேயே இவ்விரண்டையும் குறிப்பிட மாவட்ட வைத்தியசாலைகளுக்குப் பணிக்கவும்.

சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், இளைப்பு, இலேசான காய்ச்சல் வந்தால் அது கதிரால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். நோயாளி அப்போது ஊரில் இருப்பார். நிமோனியா என்று நுண்ணுயிர்க்கொல்லி கொடுபடும், அல்லது காசநோய்ச் சந்தேகத்தில் வாரங்கள் போகும். தொற்று இல்லையென்று உறுதிசெய்தபின் அழற்சியைத் தணிக்கும் ஸ்ரீரொயிட் மருந்தான பிரெட்னிசொலோன் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரம் முழு அளவில் வைத்து, பின்னர் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்கவேண்டும். இருமல் தணிந்ததும் சட்டென நிறுத்தினால் அழற்சி திரும்பும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். கதிர் கொடுத்த பக்கம், மொத்த அளவு, முடிந்த திகதி, நுரையீரலின் சராசரி அளவு, 20 கிரே வாங்கிய சதவீதம் ஆகியவற்றை எழுதிய ஒரு அட்டையை ஒவ்வொரு நோயாளியிடமும் கொடுத்து, அதன் பிரதியைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் மார்புச் சிகிச்சை நிலையங்களுக்கும் அனுப்புமாறு சுற்றறிக்கை வெளியிட்டு உதவும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம்.

இவ்வண்ணம்,
கதிர்ச் சிகிச்சை, சுவாசநோய்த் துறைகளில் பணிபுரியும் வன்னியைச் சேர்ந்தோர்