மருமகனுக்கு ஒரு கடிதம்: அந்த ஸ்பெக்ட்ரத்தைத் திறக்காதே

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சாம்பல் நிற ஸ்பெக்ட்ரம் +2 கம்ப்யூட்டர், பக்கத்தில் சிவப்புக் குமிழ் வைத்த காம்பெடிஷன் புரோ ஜாய்ஸ்டிக். இரண்டும் அருமையான நிலையில் இருக்கின்றன. இங்கிலாந்தில் பழைய பொருள் விற்கும் கார் பூட் சந்தைகளில் இன்னும் இப்படிப்பட்டவை கிடைப்பது சந்தோஷம். ஆனால் படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஜாய்ஸ்டிக் சரியாக வேலை செய்யவில்லை, அதனால் கம்ப்யூட்டரைத் திறந்து, ஜாய்ஸ்டிக் போர்ட்டுக்குப் போகும் தடங்களைக் கத்தியால் வெட்டி, ஒயரை மாற்றி சால்டர் வைக்கப் போகிறேன் என்கிறாய். வேண்டாம். செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை அது. இதே யோசனையோடு வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில், உன்னிடம் இருப்பவை இரண்டுமே கெட்டுப்போகவில்லை. வலது பக்கம் தள்ளினால் சுடுகிறது, ஃபயர் பட்டனை அழுத்தினால் ஆள் வலது பக்கம் போகிறான், வேறு எந்தத் திசையும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, கோளாறு எங்கே என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

1977-இல் வந்த அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டியோடு ஒரு 9 பின் கனெக்டர் வந்தது. பின் 1 மேலே, 2 கீழே, 3 இடது, 4 வலது, 6 ஃபயர், 8 பொதுக் கம்பி. ஜாய்ஸ்டிக்குக்குள் இருப்பது ஐந்தே ஐந்து சுவிட்சுகள். நீ எந்தப் பக்கம் தள்ளுகிறாயோ அந்தப் பின் 8-ஆம் பின்னோடு சேரும், அவ்வளவுதான். கமோடோர் 64, அமிகா என்று பின்னால் வந்த பல கம்ப்யூட்டர்களும் இந்த ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டன. உன் காம்பெடிஷன் புரோவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஸ்பெக்ட்ரத்தின் கதை வேறு. 1982-இல் வெளிவந்த முதல் ஸ்பெக்ட்ரத்தில் ஜாய்ஸ்டிக் போர்ட்டே கிடையாது. கூடுதல் கருவிகளைச் செருகப் பின்பக்கம் எட்ஜ் கனெக்டர், அதாவது சர்க்யூட் போர்டின் விளிம்பிலேயே உள்ள இணைப்பு, மட்டும் இருந்தது. அதில் செருகுவதற்கு கெம்ப்ஸ்டன் என்ற நிறுவனம் ஜாய்ஸ்டிக்கை இணைக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் விற்றது. ஸ்பெக்ட்ரத்தைச் செய்த சின்க்ளேர் நிறுவனமும் 1983-இல் இன்டர்ஃபேஸ் 2 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1986 ஏப்ரலில் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டு, அதே ஆண்டு +2-ஐ வெளியிட்டது. கேசட் டெக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக் போர்ட்டும் உள்ளேயே இருந்தன. போர்ட்டின் வடிவம் அட்டாரியுடையதே, அதனால் எந்த அட்டாரி ஜாய்ஸ்டிக்கும் சிக்கில்லாமல் உள்ளே போகும். ஆனால் பின்களின் வரிசையை மாற்றிவிட்டார்கள். +2-இல் 4 ஃபயர், 5 மேலே, 6 வலது, 7 இடது, 9 கீழே. 2-உம் 8-உம் பொதுக் கம்பி. 1-உம் 3-உம் சும்மா இருக்கின்றன.

இப்போது உன் கோளாறைத் திரும்பப் பார். நீ வலது பக்கம் தள்ளும்போது ஜாய்ஸ்டிக் 4-ஐ மூடுகிறது. கம்ப்யூட்டருக்கு 4 என்றால் ஃபயர். ஃபயரை அழுத்தினால் 6 மூடுகிறது. அது கம்ப்யூட்டருக்கு வலது. மற்ற மூன்றும் சும்மா இருக்கும் பின்னிலோ பொதுக் கம்பியிலோ போய் முடிகின்றன. அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை.

ஆம்ஸ்ட்ராட் தங்கள் எஸ்ஜேஎஸ்-1 ஜாய்ஸ்டிக்கை மட்டுமே வாங்க வைப்பதற்காக இப்படிச் செய்தது என்பதுதான் என் எண்ணம். அதற்கு வேறு தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஏற்கெனவே நல்ல ஜாய்ஸ்டிக் வைத்திருந்த பிள்ளைகளை இது எவ்வளவு அலைக்கழித்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் அந்த வயரிங் அந்த மெஷினின் வரலாறு. அதை உள்ளே போய்த் திருத்தும் உரிமை நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. உன் கையைவிட்டு அது அடுத்தவர் கைக்குப் போகும் நாள் வரும். வெளியே பார்த்தால் எல்லா +2-வையும் போலத்தான் இருக்கும். அவர் அசல் எஸ்ஜேஎஸ்-1 ஒன்றைச் செருகுவார், அது குழம்பும், கோளாறு எங்கே என்று தெரியாமல் போர்டு முழுக்கத் தேடுவார். போதாததற்கு, அந்தக் காலத்துச் சர்க்யூட் போர்டில் சூடு கொஞ்சம் கூடினாலே செம்புத் தடம் உரிந்து எழும்பிவிடும். ஜாய்ஸ்டிக்கின் ஒயரை வெட்டுவதும் இதே தவறுதான். நாளைக்குக் கமோடோர் ஒன்று வாங்கினால் அதில் வேலை செய்யாது.

மாற்றம் எல்லாம் நடுவில் ஒரு சின்ன அடாப்டரில் இருக்கட்டும். வேண்டாம் என்றால் கழற்றிவைத்துவிடலாம். செய்வதும் கஷ்டமில்லை.

பழைய கம்ப்யூட்டர்களின் சீரியல் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கு. ஒரு முனை ஆண், மறுமுனை பெண்ணாக இருக்க வேண்டும். துளைகள் உள்ள பெண் முனை கம்ப்யூட்டருக்கு. ஊசிகள் உள்ள ஆண் முனையில் ஜாய்ஸ்டிக் செருகும். வாங்கியதும் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து ஒன்பது ஒயரும் இருக்கின்றனவா என்று பார். மலிவான கேபிள்களில் சில பின்களுக்கு ஒயரே இருக்காது. எல்லாம் இருந்தால் கேபிளை நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் தோலை உரித்து, எந்த நிறம் எந்தப் பின் என்று ஒரு தாளில் எழுதிக்கொள். நிறத்தை நம்பி வேலை செய்யாதே. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் போட்டிருக்கும். பின் எண்ணையும் கண்ணால் ஊகிக்காதே. ஆண் முகத்தில் இடமிருந்து வலமாக ஓடும் எண்கள் பெண் முகத்தில் வலமிருந்து இடமாக ஓடும். கனெக்டரின் பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் கடுகளவு எழுத்தில் எண் பொறித்திருக்கும். டார்ச் அடித்து, சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

பிறகு ஜாய்ஸ்டிக் பக்கத்து 1-ஐக் கம்ப்யூட்டர் பக்கத்து 5-இல் சேர். 2-ஐ 9-இல், 3-ஐ 7-இல், 4-ஐ 6-இல், 6-ஐ 4-இல். 8 மட்டும் நேராக 8-க்கே. மொத்தம் ஆறு இணைப்புகள். சால்டர் வைப்பதற்கு முன்பே சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒயரில் நுழைத்துவிடு, பிறகு நுழையாது. மிச்ச ஒயர்களை ஒன்றோடொன்று படாமல் தனித்தனியாக டேப் சுற்று. முக்கியமாக ஜாய்ஸ்டிக் பக்கத்து 7 எங்கேயும் போகக் கூடாது. ஆட்டோஃபயர் (தானாகவே திரும்பத் திரும்பச் சுடும் வசதி) உள்ள ஜாய்ஸ்டிக்குகள் அந்தப் பின்னில் 5 வோல்ட்டை எதிர்பார்க்கும். +2-இன் போர்ட்டில் 5 வோல்ட்டே கிடையாது. அதனால் இந்த அடாப்டரில் ஆட்டோஃபயர் வேலை செய்யாது. அது பெரிய இழப்பில்லை.

சோதித்துப் பார்க்க கேம் எதுவும் லோடு செய்ய வேண்டாம். மெனுவில் 48 பேசிக்கைத் தேர்ந்தெடுத்து, முதல் போர்ட்டில் செருகி, ஜாய்ஸ்டிக்கைத் தள்ளு. இடது தள்ளினால் திரையில் 6 விழும். வலது 7, கீழே 8, மேலே 9, ஃபயர் 0. ஏனென்றால் +2-இன் ஜாய்ஸ்டிக் உண்மையில் எண் கீகளைத்தான் அழுத்துகிறது. இரண்டாவது போர்ட் 1 முதல் 5 வரை. கேமில் கன்ட்ரோல் கேட்கும்போது கெம்ப்ஸ்டன் என்று கொடுக்காமல் சின்க்ளேர் என்று கொடுக்க வேண்டியதும் அதனால்தான். கெம்ப்ஸ்டன் கீபோர்டைத் தொடுவதே இல்லை. அது போர்ட் 31-இல் (இது சாக்கெட் இல்லை, புரோகிராம் படிக்கும் ஓர் உள்முகவரி) ஒரு எண்ணை வைக்கும்: வலது 1, இடது 2, கீழே 4, மேலே 8, ஃபயர் 16. கோணலாக மேல்-வலம் தள்ளினால் 9 வரும். இந்தச் சின்னக் கணக்கு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நம் நாட்டில் ஸ்பெக்ட்ரம் பார்த்தவர்களில் பலரும் பார்த்தது, புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி வெளியிட்ட டிபி ஸ்பெக்ட்ரம்+. அதிலும் ஜாய்ஸ்டிக் போர்ட் கிடையாது, கெம்ப்ஸ்டன் மாதிரியான இன்டர்ஃபேஸ்தான் வழி. ஊருக்கு வரும்போது அப்படி ஒன்று உன் கையில் கிடைத்தால், மின்சாரம் இருக்கும்போது எட்ஜ் கனெக்டரில் எதையும் செருகாதே, பிடுங்காதே. ராம் சிப்புகள் அப்படித்தான் போகின்றன.

எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருளில்) கீபோர்டு வைத்தே விளையாடலாமே, இத்தனை பாடு எதற்கு என்று உன் நண்பன் கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. மேத்யூ ஸ்மித் 1983-இல் எழுதிய மேனிக் மைனரைக் கீபோர்டிலேயே விளையாடு என்றுதான் நானும் சொல்வேன். இடது, வலது, குதி, மூன்றே கட்டளைகள். குதித்த பிறகு காற்றில் திசை மாற்ற முடியாது, எங்கே நின்று குதிக்கிறாய் என்பதே எல்லாம். ஒரு பிக்சல் தள்ளி நிற்பதற்கு விரல்தான் சரி.

ஆனால் ஜாய்ஸ்டிக்கை மனதில் வைத்தே செய்யப்பட்ட கேம்கள் நிறைய உண்டு. ஃபயர் பட்டன் ஒன்றே ஒன்று என்பதால், சுடுவதற்கு அது போய்விட்டால் குதிப்பதற்கு மிச்சம் இருப்பது ‘மேலே’தான். இன்றைய கேம்பேடில் பழகியவர்களுக்கு இது தொந்தரவாகத் தெரியும். மைக்ரோ சுவிட்ச் வைத்த நல்ல ஜாய்ஸ்டிக்கில் மேல்-வலமாகத் தள்ளிப் பார். இரண்டு சுவிட்சும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ‘டிக்’ என்று விழும். ஓட்டமும் குதிப்பும் ஒரே கை அசைவில் சேர்ந்து வரும். எந்த சுவிட்ச் முந்தியது என்பதைக்கூட மணிக்கட்டு கற்றுக்கொள்கிறது. இரண்டு தனித்தனிக் கீகளில் அது கிடைக்கவே கிடைக்காது. பட்டனை அழுத்திப் பிடித்துச் சரியான கணத்தில் விடும் ஆர்-டைப் மாதிரியான ஷூட்டரிலும் அப்படித்தான். பாப் பேப் 1988-இல் ஸ்பெக்ட்ரத்துக்கு எழுதிக் கொடுத்த ஆர்-டைப்பை அவசியம் விளையாடு. ஐந்து சுவிட்சுக்கும் கேமுக்கும் நடுவில் எந்தத் தாமதமும் இல்லை என்பதை அப்போது உணர்வாய்.

ஒரு கேமுக்கு மட்டும் அந்தக் காம்பெடிஷன் புரோவைக் கொடுத்துவிடாதே. ஓஷன் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட டேலி தாம்சன்ஸ் டெகாத்லான். ஓடுவதற்கு இடதும் வலதுமாக வெறித்தனமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனையோ ஜாய்ஸ்டிக்குகளின் கழுத்தை முறித்த கேம் என்று பெயர் எடுத்தது. அந்தக் காலத்து ஜாய்ஸ்டிக்கை அதில் பலி கொடுக்காதே.

அடுத்து கமோடோர் 64 வாங்கி அதில் செகா கம்பெனியின் மெகா டிரைவ் கேம்பேடைச் செருகப் போவதாகவும் சொல்லியிருந்தாய். பிளக் உள்ளே போகும், முதலில் விளையாடவும் முடியும். ஆபத்தே அதுதான். அந்தப் பேடுக்குள் வெறும் சுவிட்ச் மட்டும் இல்லை, ஒரு சிப் இருக்கிறது. அதற்கு 5 வோல்ட் 5-ஆம் பின்னில் வர வேண்டும். கமோடோரில் 5 வோல்ட் வருவது 7-இல். சிப் அரைகுறை மின்சாரத்தில் ஓடிக்கொண்டு, தரையோடு சேர வேண்டிய கம்பிகளுக்குத் தானே மின்னழுத்தம் கொடுக்கத் தொடங்கும். கமோடோரில் கீபோர்டும் ஜாய்ஸ்டிக்கும் ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. முதல் போர்ட்டில் ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் திரையில் எழுத்து விழுவது அதனால்தான், பெரும்பாலான கேம்கள் இரண்டாவது போர்ட்டைக் கேட்பதற்கும் அது ஒரு காரணம். அந்தக் கம்பிகளில் இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தள்ளினால் அடி வாங்குவது கீபோர்டையும் ஜாய்ஸ்டிக்கையும் படிக்கும் 6526 என்ற சிஐஏ சிப். அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. செகா பேடுதான் வேண்டும் என்றால் செகாவின் பழைய விளையாட்டுப் பெட்டியான மாஸ்டர் சிஸ்டத்தின் பேடைத் தேடு. அதில் சுவிட்சுகள் மட்டுமே, அப்படியே செருகலாம். மெகா டிரைவ் பேடுதான் கையில் இருக்கிறது என்றால் அதற்கென்றே செய்த அடாப்டர் இல்லாமல் தொடாதே.

சீரியல் கேபிள் வாங்கும்போது கனெக்டரின் மூடி பருமனாக இல்லாததாகப் பார்த்து வாங்கு. பக்கவாட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் அவை இடித்துக்கொண்டு கனெக்டர் முழுதாக உள்ளே உட்காராது. ஆறு ஒயரையும் முறுக்கிச் சேர்த்தவுடன், சால்டர் வைப்பதற்கு முன், மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு. நானும் எண்களைச் சரிபார்க்கிறேன். +2-இன் ஸ்க்ரூவை அதுவரை தொடாதே. அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா